12 ஞாயிறு, ஒரு சிலப்பதிகாரம்: மகள் சேர்ந்த இலக்கிய வகுப்பு எப்படி இருந்தது

என் மகள் முதல் வாரம் எழுதிக் கொடுத்த விடை இப்படி ஆரம்பித்தது: "கண்ணகி பொறுமையின் சிகரம், அடக்கத்தின் உருவம், கற்பின் இலக்கணம்." திருத்தி வந்தபோது மூன்று இடத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி. "எந்தச் சொல்லில்?"

அவளுக்கு முகம் வாடிவிட்டது. பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், பள்ளியிலிருந்தே தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள், பாத்திரப் படைப்பு பற்றிக் கட்டுரை எழுது என்றால் முன்னுரை, பொறுமை, கற்பு, வீரம், முடிவுரை என்று தலைப்புப் போட்டு நான்கு பக்கம் எழுதிவிடுவாள். அந்தத் தலைப்புகள் எல்லாம் கடைவீதியில் 160 ரூபாய்க்கு வாங்கிய நோட்ஸிலிருந்து வந்தவை. அதே நோட்ஸில் மாதவிக்கும் ஏறக்குறைய அதே தலைப்புகள்தான், கண்ணகி என்ற பெயரை எடுத்துவிட்டு மாதவி என்று போட்டால் பாதிப் பக்கம் அப்படியே பொருந்தும். அதைப் பார்த்த பிறகுதான் வேறு ஏதாவது வகுப்பு கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது இந்த வகுப்பு. ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுக்கிறார். ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை, 12 வாரம், 1,800 ரூபாய், ஒரே தவணையில் கட்ட வேண்டும். ஒரு முறைக்கு 15 பேர்தான். விளம்பரம் கிடையாது, படித்தவர்கள் சொல்லித்தான் அடுத்தவர்கள் சேர்கிறார்கள், அதனால் அவர் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. ஆனால் வகுப்பு எப்படி நடந்தது என்று விவரமாக எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு இலக்கிய வகுப்பு தேடுகிறவர்கள் எதைக் கேட்டுச் சேர்க்கலாம் என்பதற்காவது உதவும். நான் பி.காம். படித்தவள், தமிழை ப்ளஸ் டூவோடு விட்டவள். மகள் ஹாலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவாள், நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து கீரையை முதல் நாள் ராத்திரியே ஆய்ந்து வைத்துவிட்டேன்.

வகுப்பின் முறை ரொம்ப எளிமையானது. ஒரு பாத்திரத்தைப் பற்றி என்ன சொன்னாலும் சரி, அதற்கு நூலிலிருந்து ஒரு சொல்லைக் காட்ட வேண்டும். வரி கூடப் போதாது, சொல். காட்ட முடியவில்லை என்றால் அந்தக் கருத்தை அப்போதைக்கு ஓரமாக வைத்துவிட வேண்டும்.

முதல் வேலையாகக் கண்ணகி பேசும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வரச் சொன்னார். பிள்ளைகள் ஒரு வாரம் தேடிவிட்டு வந்து, முதல் பாகமான புகார்க் காண்டத்தில் எட்டுக் காதை, அதாவது எட்டுப் பகுதி வரை, கோடு போட இடமே இல்லை ஐயா என்றார்கள். உண்மைதான். மனையறம் படுத்த காதையில் கோவலன் "மாசறு பொன்னே வலம்புரி முத்தே" என்று அடுக்கிக்கொண்டே போகிறான், அவளிடமிருந்து ஒரு பதில் கூட இல்லை. அவன் மாதவியிடம் போகிறான், அப்போதும் இல்லை. ஒன்பதாவதாக வரும் கனாத்திறம் உரைத்த காதையில்தான் முதன்முதலாக வாயைத் திறக்கிறாள், அதுவும் தோழி தேவந்தியிடம். கணவனைப் பெறுக என்று தேவந்தி வாழ்த்தினால், "பெறுகேன், கடுக்கும் என் நெஞ்சம்" என்கிறாள். பெறுவேன், ஆனாலும் மனம் சந்தேகப்படுகிறது என்று. சோம குண்டம், சூரிய குண்டத்தில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி வழி சொல்லும்போது அவள் பதில் ஒரே தொடர்: "பீடு அன்று." அது பெருமை இல்லை. அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். முன்னோர் தேடிய செல்வத்தை எல்லாம் தொலைத்துவிட்டேன், வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்கிறான். அவள் "நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டிச் சிலம்புள கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனிடம் அவள் பேசியதாகக் கவி நமக்குக் கேட்கக் கொடுப்பது முதலில் இதைத்தான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல்தான் கலங்குகிறான் என்று நினைத்து அப்படிச் சொன்னாள் என்பது பழைய விளக்கம். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று பிள்ளைகளுக்குள் அரை மணி நேரம் வாதம் நடந்தது. அன்பு என்றான் ஒரு பையன், கசப்பு என்றாள் ஒரு பெண், "நலங்கேழ்" என்ற அடைமொழி இருக்கும்போது கசப்பு என்று எப்படிச் சொல்வாய் என்று என் மகள் எதிர்த்துக் கேட்டாள். முதல் வாரம் "அடக்கத்தின் உருவம்" என்று எழுதிய பெண் மூன்றாவது வாரம் ஓர் அடைமொழியை வைத்து வாதம் செய்கிறாள். எனக்கு அன்றைக்கே கட்டணம் தீர்ந்துவிட்டது.

அப்புறம் நாடுகாண் காதை. புகாரை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் கூடப் போகவில்லை, மூச்சு வாங்க அவள் கேட்கிறாள், மதுரை மூதூர் எது என்று. கோவலன் "ஆறைங்காதம்" என்று சொல்லிச் சிரிக்கிறான். காதம் என்பது பழைய தூர அளவு. ஆறைந்து என்றால் 30. ஆனால் காதில் விழும்போது ஆறோ ஐந்தோ என்றும் கேட்கும். 30 காதம் என்று உடைத்துச் சொன்னால் தளர்ந்துவிடுவாள் என்று ஒரு சொல்லை இரண்டு பக்கமும் பேசும்படி போட்டிருக்கிறான் என்பது உரை. இத்தனை வருடமாகக் கோவலனை நான் கெட்டவன் என்று மட்டுமே நினைத்திருந்தேன். மனைவியின் கால்வலிக்காகக் கணக்கை மறைத்துப் பேசும் ஆளாக அவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொலைக்களக் காதைக்கு இரண்டு வாரம் எடுத்தார், அது சரியான முடிவு. மதுரையில் அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரியின் வீட்டில் கண்ணகி சமைத்து, வாழைக் குருத்து விரித்து, "அமுதம் உண்க அடிகள்" என்கிறாள். அவன் சாப்பிட்டு முடித்து, உனக்குச் சிறுமை செய்துவிட்டேனே, எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே என்று உருகுகிறான். அப்போது அவள், அறவோர்க்கு அளித்தலையும் விருந்து எதிர்கொள்ளுதலையும் தான் இழந்து நின்றதைச் சொல்லிவிட்டு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். பெரியோர் போற்றாத நடத்தை உங்களுடையது. சற்று முன் இலை போட்டு "அடிகள்" என்ற அதே வாய். "புரிந்தீர்" என்பதில் மரியாதை விகுதி அப்படியே இருக்கிறது, குற்றச்சாட்டும் அப்படியே இருக்கிறது. "பொறுமையின் சிகரம்" என்ற தலைப்பின் கீழ் இந்த வரியை எங்கே வைப்பீர்கள் என்று ஐயா கேட்டபோது 15 பேரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாதவி பற்றிய வகுப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவளுடைய முதல் கடிதத்தைக் கோவலன் மறுத்துவிடுகிறான். ஆடல் மகள்தானே, இதுவும் நடிப்பு என்பது அவன் எண்ணம். இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து கொடுக்கிறான். மண் முத்திரை வைத்த ஓலை. அந்த முத்திரையில் அவள் கூந்தல் நெய்யின் வாசனை ஒட்டியிருக்கிறது, அதனால் அவனால் உடனே கையை விட்டு விட முடியவில்லை. பிரித்துப் படிக்கிறான். "அடிகள் முன்னர் யான் அடி வீழ்ந்தேன்" என்று தொடங்குகிறது. பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டுக் குலத்தில் பிறந்தவளோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று தெரியவில்லை என்கிறாள். கண்ணகியைக் "குலப்பிறப்பாட்டி" என்று சொல்கிறாள் மாதவி! படித்து முடித்த கோவலன், அவள் தீதிலள், தீது என்னுடையதுதான் என்று உணர்கிறான். பிறகு அவன் செய்வதுதான் வியப்பு. இந்த ஓலையின் சொற்கள் என் தந்தைக்கு நான் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே பொருந்துகின்றன என்று சொல்லி, அதே ஓலையைத் தன் பெற்றோருக்குக் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான்.

ஐயா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்க வைத்தார். முதலில் ஒரு பெண் மாதவியாக, பிறகு ஒரு பையன் கோவலனாக, தந்தைக்கு எழுதுவது போல. ஒரு சொல்லும் மாற்றவில்லை. அடிகள், அடி வீழ்ந்தேன், என் பிழைப்பு, கையறு நெஞ்சம், எல்லாம் மகன் வாயிலும் அப்படியே நின்றது. காதலி எழுதியதை மகன் தன் மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடிகிறது என்றால் இளங்கோ எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொற்களை வைத்திருக்க வேண்டும். கண்ணகியும் அவனை "அடிகள்" என்கிறாள், மாதவியும் "அடிகள்" என்கிறாள் என்பதை என் மகள்தான் கவனித்துச் சொன்னாள், ஐயா அதைக் குழுவில் எழுதிப் போட்டார்.

வழக்குரை காதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் அங்கே வேகமாகப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராகப் பின்னால் கொலைக்களக் காதைக்குத் திரும்பி, பாண்டியன் ஆணையிடும் இடத்தைக் காட்டினார். அரசன் கூத்து பார்த்ததில் அரசிக்கு ஊடல், தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்யப் போகும் அவசரத்தில் அரசன் இருக்கிறான், அந்த நேரத்தில் பொற்கொல்லன் எதிரே வந்து நிற்கிறான். "சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்று கவி சொல்கிறார். ஆராயாதவனாகி. கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று ஆணை பிறக்கிறது. நான்கு காதை தள்ளி, தலைவிரி கோலமாக அரசன் முன் வந்து நிற்கும் கண்ணகி அவனிடம் சொல்லும் முதல் சொல் "தேரா மன்னா." கவி சொன்ன அந்தத் "தேரான்" அவள் காதுக்கு எட்டியிருக்க வழியே இல்லை. அதே சொல் அவளிடமிருந்து வருகிறது. இதை ஐயா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது எழுதும்போதும்.

எட்டுக் காதை வாய் திறக்காதவள், "பீடு அன்று" என்று முடித்தவள், இங்கே சிபியையும் மனுநீதிச் சோழனையும் துணைக்கு அழைத்துத் தன் ஊர், குடி, மாமனார் பெயர், கணவன் பெயர் சொல்லிக் கடைசியில் தன் பெயரைச் சொல்கிறாள். அந்த நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் படிக்க வைத்தார். கணவனுக்குப் "புரிந்தீர்" என்றவள் அரசனை "நின்னகர்", "நின்பால்" என்று ஒருமையில் பேசுவது அவமதிப்புதானே என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். அதற்கு அவர், புறநானூற்றில் புலவர்கள் மன்னனை வாயார வாழ்த்தும்போதும் "நீ" என்றே பாடுகிறார்கள், இன்றைய பழக்கத்தைப் பழைய பாட்டில் ஏற்றாதே, அவமதிப்பு "நின்" என்பதில் இல்லை, "தேரா" என்பதில் இருக்கிறது என்றார். சொல்லைக் காட்டு என்று கேட்பவர், சொல்லைத் தப்பாகக் காட்டினாலும் விடுவதில்லை.

"கொற்கை வேந்தே" என்று அழைத்துவிட்டு என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள், கொற்கை முத்துக்குப் பேர் போன துறை, அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். கேட்ட இடத்திலேயே அரசனுக்குப் பாதி தெரிந்துவிட்டது என்பதற்கு அவன் சொல்லும் "செவ்வை நன்மொழி" சாட்சி. சிலம்பு உடைவதற்கு முன்பே அவள் சொன்னது நன்மொழி என்று ஒப்புக்கொள்கிறான். பாண்டியனையும் ஒரே வரியில் கொடுங்கோலன் என்று எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

படிக்கும் பிரதி பற்றிக் கேட்பீர்கள். புத்தகம் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் மூலமும் உரையும் இலவசமாக இருக்கின்றன, அதையே பயன்படுத்தச் சொன்னார், நாங்களும் அதில்தான் படித்தோம். உ.வே.சா. 1892இல் பதிப்பித்த வரலாறு, பழைய உரைகளான அரும்பதவுரை, அடியார்க்கு நல்லார் உரை பற்றி ஒரு வாரம் சொன்னார். அடியார்க்கு நல்லார் உரை இன்று கிடைப்பது வழக்குரை காதைக்கு முந்தைய ஊர்சூழ்வரி வரைதான், நடுவில் கானல்வரிக்கும் இல்லை. எல்லோரும் மனப்பாடம் செய்யும் வழக்குரை காதைக்கு அந்தப் பெரிய உரை நமக்கு இல்லை என்பதே எனக்குப் புதுச் செய்தி.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் பாடக் குறிப்பில் எழுத்துப் பிழைகள் நிறைய. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசும் வகுப்பில் அந்தச் சொல்லே தப்பாக அச்சாகி வந்தால் எப்படி? ஒரு வாரம் "கொண்ம்" என்பது "கொணம்" என்று வந்து, பிள்ளைகள் அகராதியில் தேடிக் குழம்பினார்கள். ஒளிப்பதிவு தருவதில்லை, ஒரு ஞாயிறு உறவினர் கல்யாணத்துக்குப் போனதால் கானல்வரி வகுப்பு மகளுக்குப் போயே போய்விட்டது. திருத்திய விடைகள் சில சமயம் 10 நாள் கழித்து வரும். கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கினால் கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம்.

மதிப்பெண் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: கல்லூரி உள்தேர்வில் முதல் முறை குறைந்தது. தலைப்புப் போடாமல் எழுதிவிட்டாள். அடுத்த தேர்வில் தலைப்பும் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூல வரியையும் சொல்லையும் காட்டி எழுதினாள், வகுப்பிலேயே அதிகம் அவளுக்குத்தான். நோட்ஸ் படிப்பவர்களால் மேற்கோளை இடம் தெரிந்து போட முடிவதில்லை, இவளால் முடிகிறது. "அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்" என்று தொடங்கி, நூலின் முன்னுரையான பதிகத்தில் வரும் மூன்று உண்மைகளை மனப்பாடமாக ஒப்பிப்பதோடு நிற்காமல், அவை நூலில் எந்த இடத்தில் நடக்கின்றன என்று காட்டுகிறாள்.

பெரிய குறை வஞ்சிக் காண்டம். 30 காதையில் புகாருக்கு 10, மதுரைக்கு 13, வஞ்சிக்கு 7. வகுப்பிலோ 11 வாரம் முதல் இரண்டு காண்டத்துக்கே போய்விட்டது, கடைசி ஞாயிறு ஒரே இரண்டு மணி நேரத்தில் ஏழு காதையும் கதைச் சுருக்கமாக ஓடின. சேரன் செங்குட்டுவன் கண்ணகி சிலைக்கு இமயத்தில் கல் எடுத்தது, தோற்ற வடநாட்டு அரசர் கனக விசயர் அதைச் சுமந்தது, கோயில் கட்டியது, முடிந்தது. கல்லூரியிலும் பள்ளியிலும் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், மதுரை எரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இந்த வகுப்பாவது அப்படிச் செய்திருக்கக் கூடாது.

ஏனென்றால் அங்கே ஒரு வரி இருக்கிறது. வகுப்பு முடிந்து மூன்று நாள் கழித்து, ராத்திரி 11 மணிக்கு மகள் வாழ்த்துக் காதையைத் தானாகவே படித்துக்கொண்டிருந்தவள் என்னை எழுப்பினாள். "அம்மா, இதைக் கேளேன்." தெய்வமாகிவிட்ட கண்ணகி சொல்கிறாள்: "தென்னவன் தீதிலன்... நான் அவன் தன் மகள்." தேரா மன்னா என்று நின்றவள், அவன் தீதிலன் என்கிறாள். தன்னை அவன் மகள் என்கிறாள். மாதவியின் கடிதத்தைப் படித்துக் கோவலன் உணர்ந்ததும் இதே தீதின்மைதான். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து அந்த நான்கு அடியையும் திரும்பத் திரும்பப் படித்தோம்.

மறுநாள் காலையில் அவள் அதைக் குழுவில் எழுதி, இதை ஏன் ஐயா வகுப்பில் படிக்கவில்லை என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பயம்தான், பெரியவர், என்ன நினைத்துக்கொள்வாரோ என்று. மத்தியானம் பதில் வந்தது. நீ கேட்டது நியாயம் அம்மா, வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு வாழ்த்துக் காதைக்கு மட்டும் ஒரு வகுப்பு, கட்டணம் இல்லை, பழைய மாணவர்களும் வரலாம், எல்லோரும் பென்சிலோடு வரவும் என்று போட்டிருந்தார்.